வெயில் அடித்தால் மலை பாதுகாப்பானதா? ஆல்ப்ஸ் கோடை ஏற்றத்தின் இன்றைய நிலை

2022 ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங் மலையின் பிரெஞ்சுப் பக்கத்தில் இருந்த இரண்டு மலைக்குடில்களை மூடினார்கள். தெத் ரூஸ், கூத்தே என்ற இந்த இரண்டும் மலையுச்சிக்குப் போகும் மிகப் பரபரப்பான பாதையில் இருப்பவை. புயல் எதுவும் அடிக்கவில்லை, பனியும் கொட்டவில்லை. வாரக்கணக்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குடில்களை மூடவைத்ததே அந்த வெயில்தான். மேலே இருந்து பாறைகள் ஓயாமல் உருண்டுகொண்டிருந்த பாதையில் ஆட்கள் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்தார்கள். கோபமடைந்த சான் ஷெர்வே ஊர் மேயர், ஏற விரும்பும் ஒவ்வொருவரும் 15,000 யூரோ முன்பணம் கட்டவேண்டும் என்று அறிவித்தார். மீட்புப் பணிக்கு 10,000, இறுதிச் சடங்குக்கு 5,000 என்று கணக்கும் சொன்னார்.

சமவெளியில் வாழும் நமக்கு இது புரிவது கடினம். மழை, புயல், மூடுபனி ஆகியவற்றைத்தான் ஆபத்து என்று பழகியிருக்கிறோம். வானம் நீலமாக இருந்தால் கிளம்பலாம் என்பது நம் கணக்கு. மூவாயிரம் மீட்டருக்கு மேலே இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வானிலை ஒன்று, மலையின் நிலை வேறொன்று. மிக அருமையான வானிலையில் மலை மிக மோசமான நிலையில் இருக்கலாம். ஆல்ப்ஸில் கடந்த இருபது ஆண்டுகளாக இது அடிக்கடி நடக்கிறது. கோடையில் நடக்கும் விபத்துகளில் பலவற்றின் அடியில் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிய குழப்பம் இருக்கிறது என்பது என் கருத்து.

கோடைதான் ஏறும் பருவம் என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மோன் பிளாங் உச்சியை முதன்முதலில் இருவர் அடைந்தது 1786 ஆகஸ்ட் 8 அன்று. சுவிஸ்-இத்தாலி எல்லையில் உள்ள மேட்டர்ஹார்ன் உச்சியை முதலில் எட்டியது 1865 ஜூலை 14 அன்று. ஏறிய ஏழு பேரில் நான்கு பேர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். இத்தாலிய மலையேறி வால்டர் பொனாட்டி, மோன் பிளாங் தொகுதியில் உள்ள த்ரூ சிகரத்தின் தென்மேற்குப் பாறைத் தூணில் தனியாக ஏறியது 1955 ஆகஸ்டில். ஜூலையையும் ஆகஸ்டையும் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு நல்ல காரணம் இருந்தது. பகல் நீளம். குளிர்காலப் பனி அதற்குள் அழுந்தி இறுகியிருக்கும், பனிச்சரிவு அபாயம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கோடையிலும் அந்த உயரத்தில் இரவில் நன்றாக உறையும். இந்தக் கடைசிக் காரணம்தான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

மலையேறிகள் நள்ளிரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து நெற்றி விளக்கோடு கிளம்புவதைப் பலர் படங்களில் பார்த்திருப்பீர்கள். சூரிய உதயத்தை உச்சியில் நின்று பார்க்கும் ஆசை அதற்கு முக்கியக் காரணம் அல்ல. பகலில் இளகிய பனி இரவில் மறுபடி உறைந்து கெட்டியாகிறது. தளர்ந்த கற்கள் அந்த உறைபனியில் அப்படியே பிடிபட்டு நிற்கின்றன. பனிப்பிளவுகளின் மேல் பாலம் போல மூடியிருக்கும் பனி ஆள் எடையைத் தாங்குகிறது. காலணியில் பூட்டிய கிராம்பான் பற்கள் நன்றாகப் பிடிக்கின்றன. இந்த நிலை காலை ஒன்பது, பத்து மணிவரை நீடிக்கும். அதற்குள் ஏறி, ஆபத்தான பகுதிகளைத் தாண்டி இறங்கிவிடவேண்டும். ஆல்ப்ஸின் மொத்த ஏற்ற மரபும் இந்த இரவு உறைவின் மேல் கட்டப்பட்டது.

இரவு உறைந்ததா இல்லையா என்பதைக் காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக இழக்கிறது. மேகமில்லாத, ஈரப்பதம் குறைந்த இரவில் இந்த இழப்பு அதிகம். அதனால் காற்று இரண்டு மூன்று டிகிரி இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடலாம். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் திரும்பிக் கீழே வருகிறது. காற்று பூஜ்யத்தை ஒட்டி இருந்தாலும் பனி காலையில் கஞ்சி போலக் கிடக்கும். அனுபவமுள்ள வழிகாட்டி நடு இரவில் குடிலுக்கு வெளியே வந்து முதலில் நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பார், அப்புறம் பனியை மிதித்துப் பார்ப்பார். அந்த இரண்டு சோதனைகளில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது.

சரி, நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது? சுவிட்சர்லாந்தின் பயேர்ன் நிலையத்திலிருந்து தினமும் வானிலை பலூன் விடுகிறார்கள். வெப்பநிலை பூஜ்ய டிகிரிக்கு இறங்கும் உயரத்தை அது அளக்கும். 2022 ஜூலை 25 அன்று அந்த உயரம் 5,184 மீட்டர். 1995-இல் பதிவான 5,117 மீட்டர் என்ற பழைய சாதனையை அது முறியடித்தது. மறு ஆண்டே, 2023 ஆகஸ்டில், 5,298 மீட்டரைத் தொட்டது. மோன் பிளாங்கின் உயரம் ஏறக்குறைய 4,806 மீட்டர். அதாவது அந்த இரவுகளில் ஆல்ப்ஸின் எந்த உச்சியிலும் காற்று உறைநிலைக்குக் கீழே இல்லை. சுவிஸ் பனியாறுகள் 2022 என்ற ஒரே ஆண்டில் தங்கள் கன அளவில் சுமார் 6 சதவீதத்தை இழந்தன, 2023-இல் மேலும் 4 சதவீதத்தை. 2022-இன் பேரிழப்புக்கு வெயில் மட்டும் காரணம் அல்ல. அந்தக் குளிர்காலத்தில் பனி குறைவு. போதாததற்கு வசந்தத்தில் சகாராவிலிருந்து வந்த தூசி படிந்து பனியின் நிறத்தை மங்கலாக்கியது. நிறம் மங்கிய பனி வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மேலே தெரியும் பனியைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பனி. உயர்ந்த பாறைச் சுவர்களின் விரிசல்களுக்குள் ஆண்டு முழுக்க உருகாத உறைபனி இருக்கிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் பாறையைத்தான் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். உடைந்து கிடக்கும் பாறைத் துண்டுகளைச் சிமெண்ட் போலப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் அந்தப் பனி. வடக்கு நோக்கிய சுவர்களில் குறைந்த உயரத்திலேயே இது தொடங்கிவிடும், வெயில் படும் தெற்குச் சுவர்களில் இன்னும் மேலே போகவேண்டும். இந்தப் பனி முழுதாக உருகித் தண்ணீராகும்வரை பிடி விடாது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே இருக்கும்போதே அதன் வலிமை வேகமாகக் குறைகிறது. போதாக்குறைக்கு உருகிய நீர் விரிசல் வழியாக உள்ளே இறங்கும்போது, பாறை தானாகக் கடத்தும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. அடைபட்ட இடத்தில் அந்த நீரின் அழுத்தமே பாறையைத் தள்ளிவிடும்.

2003-இன் வெப்ப அலையில்தான் இது எல்லோருக்கும் உறைத்தது. அந்த ஜூலையில் மேட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்து, மலையில் இருந்த பலரை ஹெலிகாப்டரில் மீட்கவேண்டி வந்தது. பாறை பெயர்ந்த இடத்தில் பளபளவென்று பனிக்கட்டி தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2005 ஜூனில், பொனாட்டி ஏறிய அந்தத் தூணே இடிந்து விழுந்தது. சுமார் மூன்று லட்சம் கன மீட்டர் கல். மலையேற்ற வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற பாதைகளில் ஒன்று ஒரே நாளில் இல்லாமல் போனது. மோன் பிளாங்கின் அடிவாரத்தில் உள்ள பிரெஞ்சு ஊரான ஷமோனிக்கு மேலே, கேபிள் கார் போகும் 3,842 மீட்டர் உயர ஏகுய் து மிதி சிகரத்தில், 2009 முதல் பாறையைத் துளையிட்டு உள்ளே வெப்பநிலையை அளந்து வருகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீம் சாப்பிடும் தளத்துக்குக் கீழே இந்த ஆய்வு ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அந்தக் கூத்தே பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கோடை ஏற்றத்தின் எல்லாச் சிக்கல்களும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. மோன் பிளாங்குக்கு இதுதான் எளிதான வழி என்று பெயர். பல்சக்கர ரயிலில் 2,372 மீட்டர் வரை உட்கார்ந்தே போய்விடலாம். அங்கிருந்து 3,167 மீட்டரில் உள்ள தெத் ரூஸ் குடிலுக்கு நடை. அதன்பின் கூத்தே குடிலுக்கு, ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்துக்கு, செங்குத்தான பாறைச் சரிவில் ஏறவேண்டும். அந்தச் சரிவைத் தொடங்கும் முன் ஒரு பள்ளத்தைக் குறுக்கே கடக்கவேண்டும். அதை கிராண்ட் கூலுவார் என்பார்கள், பெரிய ஓடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் நூறு மீட்டருக்குள். ஓட்டமும் நடையுமாகப் போனால் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடலாம். ஆனால் மேலே உள்ள முழுச் சுவரிலிருந்தும் பெயர்கிற கற்களெல்லாம் வந்து சேர்வது அந்த ஓடையில்தான். 1990-க்கும் 2017-க்கும் இடையே, இந்த ஓடையையும் அதற்கு மேலுள்ள பாறைச் சரிவையும் சேர்த்து நூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். எல்லோரும் கல் விழுந்து இறந்தவர்கள் அல்ல. கால் தவறி விழுந்தவர்கள் அதில் பெரும்பங்கு. களைப்பு, அவசரம், பயிற்சிக் குறைவு எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு.

ஓடை பனியால் மூடியிருக்கும்வரை கற்கள் ஓரளவு பிடிபட்டிருக்கும். ஜூன் இறுதியில், சில ஆண்டுகளில் அதற்கும் முன்னால், அந்தப் பனி உருகித் தீர்கிறது. உருகும் நாட்களும் உருகி முடிந்த பின்னான கடும் வெயில் நாட்களும் மோசமானவை. அந்தச் சுவர் மேற்கு நோக்கியது. காலையில் நிழலில் கிடக்கும், மதியத்துக்கு மேல்தான் வெயில் விழும். ஆகவே கல் விழுவது பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்குப் போகிறது.

பாதையின் நேரக்கணக்கு இங்கேதான் ஆட்களைச் சிக்கவைக்கிறது. காலை ரயிலைப் பிடித்து வருபவர் நடந்து தெத் ரூஸை அடையும்போது மதியம் ஆகிவிடும். அன்றே கூத்தே குடிலுக்குப் போக நினைத்தால், ஓடையை அவர் கடப்பது மிகத் தவறான நேரத்தில். தெத் ரூஸிலேயே படுத்து அதிகாலையில் கடந்தால் போகும்போது தப்பிக்கலாம். உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது மறுபடி பிற்பகல் ஆகிவிடுகிறது, உடம்பும் தளர்ந்திருக்கும். கூத்தேயில் இரவு தங்கி மறுநாள் விடிகாலையில் இறங்குவதுதான் ஓரளவு சரியான தீர்வு. அதற்கு அங்கே முன்பதிவு கிடைக்கவேண்டும், கூடுதலாக ஒரு நாள் லீவும் வேண்டும். இந்தப் பாதையில் போக எங்காவது ஒரு குடிலில் முன்பதிவு கட்டாயம் என்று 2019 முதல் அரசு ஆணையே இருக்கிறது. விடுமுறையும் விமான டிக்கெட்டும் முன்பதிவும் எல்லாம் குறிப்பிட்ட தேதிக்குக் கட்டப்பட்டிருக்க, மலை மட்டும் அந்தத் தேதியில் தயாராக இருப்பதில்லை. கல் விழும் சத்தம் காதில் கேட்டும் ஆட்கள் ஓடையில் இறங்குவதற்குக் காரணம் துணிச்சல் என்பதைவிட இந்தக் கட்டுகள்தான் என்று நினைக்கிறேன்.

மேயரின் 15,000 யூரோ திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. இத்தாலியப் பக்கம் உள்ள கூர்மாயர் மேயர், மலை யாருடைய சொத்தும் அல்ல என்ற நிலையில் அதை ஏற்க மறுத்தார். பிரான்சில் மலை மீட்பு பொதுவாக இலவசம்; ஹெலிகாப்டரில் வருபவர்கள் அரசின் மலைக் காவல் பிரிவினர். விழும் கல்லுக்குக் கீழே அவர்களும்தான் நிற்கிறார்கள். மேயரின் கோபத்தில் எனக்கு உடன்பாடு உண்டு, வழிமுறையில் இல்லை. பணம் கட்டியவர் பாதுகாப்பாக ஏறிவிடுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கட்டிய பணத்துக்காகவே திரும்பாமல் போவார் என்ற பயம்தான் கூடுகிறது.

பனியாறுகளின் மேல் நடப்பதற்கு வருவோம். இங்கே புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பனி முழுக்கக் கரைந்து, கருத்த பனிக்கட்டி வெளியே தெரிந்து, வாய்பிளந்த பிளவுகளோடு கிடக்கும் பனியாறு பார்க்கப் பயங்கரமாக இருக்கும். வெண்மையாக, சமமாக, மெத்தை விரித்ததுபோல் இருக்கும் பனியாறு அழகாக இருக்கும். பிளவில் விழும் அபாயம் இரண்டாவதில்தான் அதிகம். முதலாவதில் பிளவு கண்ணுக்குத் தெரிகிறது, சுற்றிப் போகலாம். இரண்டாவதில் பிளவின் மேல் பனி மூடியிருக்கிறது. அந்த மூடியின் தடிமன் யாருக்கும் தெரியாது. வசந்தத்தில் தடிமனாக இருந்த பனிப்பாலம் ஜூலைப் பிற்பகலில் ஒரு அடி வைத்தாலே உள்ளே போய்விடும் அளவுக்கு நைந்திருக்கலாம். ஆகையால்தான் பனி மூடிய பனியாற்றில் கயிறு கட்டாமல் ஓரடிகூட வைக்கக்கூடாது என்கிறார்கள். இருவர் மட்டும் கயிறு கட்டினால் ஒருவர் விழும்போது மற்றவர் தனியாக அந்த எடையைத் தாங்கி, அதே நேரத்தில் மீட்கவும் வேண்டும். மூன்று, நான்கு பேர் இருந்தால் நிலைமை வெகுவாக மாறும்.

வெறும் பனிக்கட்டி வேறு விதத்தில் தண்டிக்கும். பழைய ஏற்றக் குறிப்புகளில் "எளிதான பனிச் சரிவு" என்று எழுதியிருக்கும் இடம் ஆகஸ்டில் கண்ணாடி போன்ற கட்டியாகக் கிடக்கும். பனியில் வழுக்கினால் பனிக்கோடரியைக் குத்தி நிறுத்த வாய்ப்புண்டு, கட்டியில் கிடையாது. பனியாறு மலைச்சுவரை விட்டு விலகும் இடத்தில் உள்ள பெரிய பிளவும் ஆண்டுக்காண்டு அகலமாகிறது. சில பாதைகளில் அதைத் தாண்டவே வழியில்லை.

பனியாற்றின் விளிம்பில் வீடு உயரத்துக்கு நிற்கும் பனிக் கோபுரங்களைச் செராக் என்பார்கள். இவை விழுவதற்கு நேரம் காலம் பெரிதாகக் கிடையாது. பனியாறு நகர்வதால் முன்னே தள்ளப்பட்டு, ஒரு கட்டத்தில் முறிகின்றன. அதிகாலைக் குளிரிலும் விழும். அதிகாலையில் புறப்படும் விதி இங்கே பெரிதாக உதவாது. கீழே நிற்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது.

2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் டோலமைட் பகுதியில் உள்ள மார்மோலாடாவில் நடந்தது இன்னொரு வகை. அந்த மலையின் உயரம் 3,343 மீட்டர்தான். முந்தைய நாள் உச்சியில் வெப்பம் பத்து டிகிரியை ஒட்டி இருந்தது. உருகிய நீர் பனியாற்றின் பிளவுகளுக்குள் தேங்கி, அடியிலிருந்து அழுத்தி, ஒரு பெரும் துண்டைப் பிரித்துத் தள்ளியது. மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன், வழக்கமான பாதையில் இருந்தவர்கள் மேல் அது வந்து விழுந்தது. பதினோரு பேர் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அருமையான வானிலை.

பெரும் சரிவுகள் நாட்காட்டியையும் கடிகாரத்தையும் மதிப்பதில்லை. 2017 ஆகஸ்ட் 23 காலையில் சுவிட்சர்லாந்தின் பிஸ் செங்காலோ மலையிலிருந்து சுமார் முப்பது லட்சம் கன மீட்டர் பாறை பெயர்ந்தது. இறந்த எட்டுப் பேரும் மலையேறிகள் அல்ல, கீழே பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்தவர்கள். 2023 ஜூனில் ஆஸ்திரிய எல்லையில் ஃப்ளுக்ட்ஹார்ன் மலையின் ஓர் உச்சியே, அதில் நட்டிருந்த சிலுவையோடு, சரிந்துபோனது. 2025 மே 28 அன்று சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதி பிர்ச் பனியாறும் பாறையும் கலந்த சரிவில் புதைந்தது. மேலே மலை அசைவதைக் கண்காணிப்பாளர்கள் முன்பே பார்த்து, ஏறத்தாழ முந்நூறு பேரை வெளியேற்றிவிட்டதால் உயிரிழப்பு ஒன்றோடு நின்றது. ஆல்ப்ஸில் வெறும் நடைப்பயணம் போகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். சூரிச்சிலும் பாரிஸிலும் வாழும் நம்மவர்கள் வார இறுதியில் பிள்ளைகளோடு போவது இந்தப் பள்ளத்தாக்குகளுக்குத்தான். ஒரு பாதையில் மூடியிருக்கிறது என்ற பலகை இருந்தால், வானத்தைப் பார்த்து அதை மீறவேண்டாம்.

இடி மின்னலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெப்பமான பிற்பகலில் மேகம் திரண்டு வருவது ஆல்ப்ஸில் எப்போதும் உள்ள வழக்கம். முகட்டில் இருப்பவர் மதியத்துக்குள் இறங்கிவிடவேண்டும் என்ற பழைய விதி இன்றும் அப்படியே பொருந்தும்.

மோன் பிளாங் தொகுதியில் 1970-களின் புகழ்பெற்ற ஏற்ற வழிகாட்டி நூல் ஒன்றில் இருந்த 95 பாதைகளை ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 93 பாதைகள் மாறியிருந்தன. 26 பெரிய அளவில் மாறியிருந்தன. மூன்று பாதைகள் இப்போது கிடையாது. குடில்களுக்குப் போவதே சிரமமாகிவிட்டது. சுவிட்சர்லாந்தின் அலெட்ச் பனியாற்றின் கரையில் உள்ள கொன்கோர்டியா குடில் 1877-இல் கட்டப்பட்டபோது பனிப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர் மேலே இருந்தது. இன்று பனியாற்றிலிருந்து அங்கே போக நானூறு படிகளுக்கு மேல் ஏறவேண்டும். பனி தாழத் தாழ, கீழே இன்னும் படி சேர்க்கிறார்கள்.

வழிகாட்டிகள் தங்கள் தொழிலை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். 2022 ஜூலையில் மேட்டர்ஹார்னுக்கு ஆட்களை அழைத்துப் போவதை இத்தாலியப் பக்க, சுவிஸ் பக்க வழிகாட்டிகள் நிறுத்தினார்கள். நல்ல வருமானம் வரும் மாதத்தில் வருமானத்தை விட்டுக்கொடுத்து எடுத்த முடிவு அது. அதை நான் மிக மதிக்கிறேன். பனிப் பாதைகளை மே, ஜூன் மாதங்களிலேயே முடித்துவிட்டு, நடுக்கோடையில் திடமான கிரானைட் சுவர்களுக்கும் குறைந்த உயரங்களுக்கும் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். செப்டம்பருக்குத் தள்ளிப்போடலாமே என்று கேட்கலாம். அதில் பாதி சரி. இரவு மறுபடி உறையத் தொடங்கும், மேலோட்டமான கற்கள் அடங்கும். ஆனால் கோடையில் பாறைக்குள் புகுந்த வெப்பம் உள்ளே பயணம் செய்துகொண்டுதான் இருக்கும். பத்து மீட்டர் ஆழத்தை எட்ட அதற்கு ஏறக்குறைய அரை ஆண்டு பிடிக்கிறது. ஆழத்திலிருந்து பெயரும் பெரிய சரிவுகள் இலையுதிர் காலத்திலும் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆக, போக நினைப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. நாளை மழை வருமா என்பதோடு, இன்றிரவு எந்த உயரத்தில் உறையும், மேகம் இருக்குமா, கடைசியாக எப்போது பனி பெய்தது, கடந்த ஒரு வாரம் எவ்வளவு வெயில் அடித்தது, என் பாதையில் வெயில் எத்தனை மணிக்கு விழும் என்று கேட்கவேண்டும். ஷமோனியில் உயர்மலைத் தகவல் அலுவலகம் ஒன்று இருக்கிறது. ஏறித் திரும்பியவர்கள் சொல்வதைத் திரட்டி, பாதைகளின் நிலையை அங்கே இலவசமாகச் சொல்கிறார்கள். அதைவிடப் புதிய செய்தி வேண்டுமென்றால் குடிலுக்கே போன் செய்யலாம். குடில் பொறுப்பாளர் தினமும் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பவர், கல் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர். அவர் "இந்த வாரம் வராதீர்கள்" என்றால், முன்பதிவை ரத்து செய்துவிட்டு வேறு மலைக்குப் போவதுதான் சரி.